யாருக்காகத் தோரணத்தைக் கழற்றுவது?

சிங்கப்பூரில் வீட்டை விற்க நினைப்பவர்களுக்கு ஆண்டின் கடைசி மூன்று மாதங்கள் தோதான காலம் அல்ல. முதலில் தீபாவளி. நவம்பர் நடுவில் பள்ளி விடுமுறை தொடங்கியதும் தெரிந்தவர்களில் பாதிப் பேர் ஜோகூருக்கோ சென்னைக்கோ கிளம்பிவிடுகிறார்கள். பிறகு கிறிஸ்மஸ், புத்தாண்டு, பொங்கல், தைப்பூசம், சீனப் புத்தாண்டு என்று வரிசையாக வருகின்றன. வீடு பார்க்க வருபவர்கள் குறைவு. வீட்டைத் திறந்து காட்ட வேண்டிய குடும்பத்துக்கோ பண்டிகை வேலையே தலைக்கு மேல். இருந்தாலும் எங்கள் வீட்டில் இந்த ஆண்டு அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

காரணம் எளிது. அப்பாவுக்கு 63 வயது. ஈசூனில் நாங்கள் இருக்கும் நான்கறை வீட்டை அவரும் அம்மாவும் 1998ல் வாங்கினார்கள். அக்கா திருமணமாகிச் செங்காங்கில் இருக்கிறார். அம்மாவின் முழங்கால் முன்புபோல் ஒத்துழைப்பதில்லை. மகள் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கினால் அருகாமை வீட்டு மானியமாக 20,000 வெள்ளி கிடைக்கும். மூன்றறை வீட்டுக்கு மாறி, எஞ்சும் பணத்தை ஓய்வுக்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் திட்டம். ஆக, நான் எழுதப்போவது அலங்காரத்தைப் பற்றியதுபோல் தோன்றினாலும் அடியில் இருப்பது என் பெற்றோரின் முதுமைக்கான பணம்.

எங்கள் சொத்து முகவர் தமிழர். முப்பது வயதைத் தாண்டியிருப்பார். முதல் சந்திப்பிலேயே அம்மாவை ‘அக்கா’ என்றும் என்னைத் ‘தங்கச்சி’ என்றும் கூப்பிடத் தொடங்கிவிட்டார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்னவற்றில் பெரும்பாலானவை நியாயமானவை. நடைபாதையில் இருக்கும் காலணி அடுக்கையும் பூந்தொட்டிகளையும் குறைக்க வேண்டும். தீயணைப்பு விதிப்படி அங்கே 1.2 மீட்டர் இடைவெளி இருந்தாக வேண்டும் என்பதை அவர் சொல்லித்தான் அப்பா அளந்து பார்த்தார். கதவுக் கீல்களுக்கு எண்ணெய். எரியாத விளக்குகளுக்குப் புது விளக்கு. என் தொடக்கநிலை ஆறாம் வகுப்புப் பயிற்சிப் புத்தகங்கள் இன்னும் ஏன் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன என்றும் கேட்டார். அந்தக் கேள்விக்கு வீட்டில் யாரிடமும் பதில் இல்லை. அவற்றைக் காராங்கூனிக்காரர் எடுத்துச் சென்றார். பாட்டியின் அம்மிக்கல்லை மட்டும் யாராலும் அசைக்க முடியவில்லை, எடையாலும் சரி, மனதாலும் சரி.

பட்டியலின் கடைசிப் பகுதியில்தான் விஷயம் வந்தது. தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் படம் எடுக்க ஆள் வருவார். அதற்குள் வாசல் தோரணம், வண்ண விளக்குகள், கோலம் ஆகியவற்றை எடுத்துவிட வேண்டும். வரவேற்பறை ஓரத்தில் இருக்கும் சாமி மாடத்தையும் பெட்டிக்குள் வைத்துவிட்டால் நல்லது. ஆள் பார்க்க வரும் நாள்களில் தாளிக்க வேண்டாம், மீன் வேண்டாம். வேண்டுமானால் காப்பி போடலாம், காப்பி வாசனை எல்லாருக்கும் பிடிக்கும்.

“தப்பா நினைக்காதீங்க அக்கா. வர்றவங்க இது தங்களோட வீடுன்னு கற்பனை பண்ணணும். சாமி, தோரணம் எல்லாம் இருந்தா இது உங்க வீடாத்தான் தெரியும். வீடு பொதுவா இருக்கணும்” என்றார்.

அவர் சொன்னது பொய் அல்ல. வீட்டை விற்கத் தயார் செய்வது பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் அறிவுரை இதுதான்: குடும்பப் படங்களை எடு, சுவரை வெள்ளையாக்கு, பொருள்களைக் குறை. இந்த அறிவுரை தமிழர்களுக்கு மட்டும் என்று சொன்னால் அது அநியாயமாகிவிடும். எங்கள் பக்கத்து வீட்டுச் சீன ஆண்டி சென்ற ஆண்டு தம் மகனின் வீட்டை விற்க உதவியபோது, முன்னோர் பீடத்தை மறைக்கும்படி அவர்களுடைய முகவரும் சொன்னாராம். பீடத்தை நினைத்த நேரத்தில் நகர்த்த முடியாது, நாள் பார்க்க வேண்டும் என்று ஆண்டி ஒரே போடாகப் போட்டுவிட்டார். முகவர் காத்திருந்தார்.

என் கேள்வி ‘பொது’ என்ற சொல்லைப் பற்றியது. விளம்பரங்களில் வரும் ‘பொதுவான’ வீடு எப்படி இருக்கிறது? வெள்ளைச் சுவர், சாம்பல் நிற சோபா, ஒரு மூலையில் பச்சைச் செடி, மேசையில் திறந்து வைத்த ஆங்கிலப் புத்தகம். அதுவும் ஒருவகை ரசனைதான். யாரோ ஒருவரின் வீடுதான். அதை மட்டும் யாருடையதும் அல்லாத வீடு என்று நாம் எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிட்டோம். அந்தப் படத்திலிருந்து தொலைவில் இருப்பவர்கள் அதை நோக்கி அதிக தூரம் நடக்க வேண்டியிருக்கிறது. காப்பி வாசனை பொது, கடுகு தாளிக்கும் வாசனை பொது அல்ல என்பதை யார் முடிவு செய்தது?

இதைக் கேட்டதும் ‘வாசனைக்குப் போய் இவ்வளவா’ என்று என் பல்கலைக்கழகத் தோழி சிரித்தாள். அவள் வீட்டில் வாசனை ஒரு பிரச்சினையாக இருந்ததே இல்லை. வாடகை விளம்பரங்களில் ‘இந்தியர்கள் வேண்டாம்’ என்று வெளிப்படையாக எழுதிய காலம் ஒன்று இங்கே இருந்தது. சமையலைத்தான் காரணம் காட்டுவார்கள். சொத்து முகவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு அத்தகைய விளம்பரங்கள் கூடாது என்று வழிகாட்டி வைத்திருக்கிறது. 2011 ஆகஸ்டில், கறி வாசனை தொடர்பாக அண்டைவீட்டார் இருவருக்கு இடையில் நடந்த சமரசப் பேச்சு செய்தியானபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொண்டு எல்லா இனத்தவரும் தங்கள் வீடுகளில் கறி சமைத்தார்கள். அப்போது எனக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. அம்மா இன்றும் அந்த நாளைப் பற்றி மகிழ்ச்சியோடு பேசுவார். அதே அம்மாதான் இந்த அக்டோபரில், “ஆள் வரும்போது குழம்பு வைக்காம இருந்தா என்ன, குடியா முழுகிடும்?” என்று மெதுவாகக் கேட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. விலையில் பத்தாயிரம் வெள்ளி கூடும் என்றால் யார்தான் ஒருவாரம் ரசத்தோடு நிறுத்திக்கொள்ளமாட்டார்கள்?

கடைசியில் ஒரு சமரசம் ஆனது. அக்டோபர் 20 தீபாவளி முடியும்வரை தோரணத்தில் கை வைக்க அம்மா சம்மதிக்கவில்லை. படம் எடுப்பது ஒருவாரம் தள்ளிப்போனது. அப்போது தோரணம் கழன்றது, கோலம் துடைக்கப்பட்டது, சாமி மாடத்துக்கு முன்னால் ஒரு மடக்குத் தட்டி வந்து நின்றது. படங்களில் எங்கள் வீடு அழகாகத்தான் இருந்தது. யார் வீடு என்று மட்டும் தெரியவில்லை. முகவர் விரும்பியதும் அதுதான்.

நவம்பர் முதல் தேதி நிலைமை தலைகீழானது.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் இன ஒருங்கிணைப்புக் கொள்கை பற்றி நாம் எல்லாரும் சமூகவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். 1989 மார்ச்சில் தொடங்கியது, இனக் குடியிருப்புகள் உருவாகாமல் தடுக்கிறது என்று இரண்டு வரியில் எழுதி மதிப்பெண் வாங்கியிருப்போம். அது ஒரு குடும்பத்தின் வரவுசெலவில் எப்படி வேலை செய்கிறது என்பதை நான் இந்த ஆண்டுதான் பார்த்தேன்.

ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒவ்வொரு புளோக்குக்கும் இன வரம்புகள் உண்டு. புளோக் அளவில் சீனர்களுக்கு 87 விழுக்காடு, மலாய்க்காரர்களுக்கு 25, இந்தியர்கள் மற்றும் பிற இனத்தவர்க்கு 15. வட்டார அளவில் இந்த எண்கள் சற்றுக் குறைவு: 84, 22, 12. இந்தியர்களுக்கான வரம்பு 2010ல்தான் இப்போதைய அளவுக்கு உயர்ந்தது. ஓர் இனத்தின் வரம்பு எட்டப்பட்டுவிட்டால், அந்த இனத்தவர் அந்த புளோக்கில் தம் இனத்தைச் சேர்ந்தவரிடமிருந்து மட்டுமே வீடு வாங்க முடியும். நிலவரம் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று புதுப்பிக்கப்படுகிறது. புளோக் எண்ணைத் தட்டினால் வீவக இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம்.

அக்டோபரில் எங்கள் புளோக்கில் எந்த வரம்பும் எட்டப்படவில்லை. நவம்பர் முதல் தேதி பார்த்தபோது சீனர்களுக்கான வரம்பு எட்டப்பட்டிருந்தது. புளோக்கில் ஏதோ ஒரு வீடு கைமாறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால், அன்றிலிருந்து எங்கள் வீட்டைச் சீனர் எவரும் வாங்க முடியாது. நாட்டின் குடியிருப்பாளர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் ஒரே நாளில் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை இல்லாமல் போனார்கள். அதே மாடியில், அதே அளவு வீட்டை வைத்திருக்கும் பக்கத்து வீட்டு ஆண்டி அதைச் சீனருக்கும் விற்கலாம், மலாய்க்காரருக்கும் விற்கலாம், இந்தியருக்கும் விற்கலாம். வாங்கக்கூடியவர்கள் குறைந்தால் விலை என்னாகும் என்பதை அறியப் பொருளியல் படிக்கத் தேவையில்லை.

அன்று மாலை முகவர் தொலைபேசியில் அழைத்தார். “அக்கா, தட்டிய எடுத்துடலாம். சாமி மாடத்த நல்லா பளிச்சுன்னு வச்சு மறுபடி ஒரு படம் எடுப்போம். தோரணத்தையும் கட்டிடுங்க. நம்ம ஆளுங்களுக்குப் பிடிக்கும்” என்றார்.

அம்மா சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, “சாமி மாடம் என்ன விளம்பரப் பலகையா தம்பி?” என்று கேட்டார்.

முகவரை இங்கே கெட்டவராகக் காட்டுவது என் நோக்கம் அல்ல. அவர் எங்களுக்கு நல்ல விலை வாங்கித்தர முயன்றார். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஆனால், அவர் சொன்ன இரண்டு ஆலோசனைகளும் ஒரே ஆலோசனைதான் என்பது எனக்கு அப்போது புரிந்தது. முதலில் சீனர் வாங்குவார் என்பதற்காக நம் அடையாளத்தை மறைத்தோம். பிறகு இந்தியர் வாங்குவார் என்பதற்காக அதையே காட்சிக்கு வைக்கச் சொன்னார். இரண்டிலும் வீடு பார்க்க வருபவரை அவர் இனத்தைக் கொண்டே முன்கூட்டி எடைபோட்டிருக்கிறோம். அவருக்கு என்ன பிடிக்கும், எது முகம் சுளிக்க வைக்கும் என்று நாமே தீர்மானித்திருக்கிறோம். நம்மை யாராவது அப்படி எடைபோட்டால் சும்மா இருப்போமா?

என் கருத்து இதுதான். வீட்டைத் துடைப்பதும் பழுது பார்ப்பதும் வாங்குபவருக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை. அதில் குறை வைக்கக் கூடாது. ஆனால் தீபாவளிக் காலத்தில் ஓர் இந்துக் குடும்பத்தின் வாசலில் தோரணம் இருப்பது வீட்டின் பழுது அல்ல, சரி செய்வதற்கு. டிசம்பரில் கிறிஸ்மஸ் மரத்தோடு எடுத்த வீட்டுப் படங்களைப் பார்த்து யாரும் ‘பொதுவாக இல்லை’ என்று சொல்வதில்லை. அந்த அளவுகோலை நம் வாசலுக்கும் வைக்கச் சொல்கிறேன்.

பழுது என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. எங்கள் குளியலறைக் கூரையில் ஒரு கறை. மேல்வீட்டுக் குளியலறைத் தரையிலிருந்து நீர் கசிகிறது. “ஒரு கோட் பெயின்ட் அடிச்சா போதும், தெரியாது” என்றும் ஓர் ஆலோசனை வந்தது. யார் சொன்னது என்று எழுதப்போவதில்லை, ஏனென்றால் எங்கள் உறவினர்களில் மூன்று பேர் தனித்தனியாக அதையே சொன்னார்கள். இங்கேதான் நம் முன்னுரிமை எவ்வளவு விசித்திரமானது என்று பாருங்கள். யாருக்கும் கெடுதல் செய்யாத தோரணத்தை மறைக்கச் சொல்கிறோம். வாங்குபவரின் தலையில் சொட்டப்போகும் கசிவையும் மறைக்கச் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே பெயர்: ‘வீட்டைத் தயார் செய்வது.’

அப்பா பெயின்ட் அடிக்க மறுத்துவிட்டார். தீபாவளிக்கு மறுநாள் ஒரு டப்பா முறுக்கை எடுத்துக்கொண்டு மேல்வீட்டு அங்கிளைப் பார்க்கப் போனார். கூரைக் கசிவு மேல்வீட்டுக்காரர், கீழ்வீட்டுக்காரர் இருவரின் கூட்டுப் பொறுப்பு என்பது வீவக விதி. விதியைச் சொல்லிச் சண்டை போடவும் செய்யலாம். அப்பா முறுக்கோடு தொடங்கினார். குத்தகையாளர்கள் எல்லாரும் ஆண்டிறுதியில் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்ததால் வேலை டிசம்பர் இரண்டாம் வாரம்தான் நடந்தது. அதுவரை வந்தவர்கள் அனைவருக்கும் அப்பாவே அந்தக் கறையை முதலில் காட்டினார். ஒருவர் அதைப் பார்த்ததும் விலையைக் குறைத்துக் கேட்டார். அப்பா கொடுக்கவில்லை. ஆனால் அவர் கேட்டதில் தவறில்லை என்றார்.

மறுபடியும் கொள்கைக்கு வருகிறேன். இன ஒருங்கிணைப்புக் கொள்கையை நான் ஆதரிக்கிறேன். எங்களுக்கு நட்டம் வருகிறது என்பதற்காக மாற்றிப் பேச விரும்பவில்லை. எங்கள் மாடியில் நோன்புப் பெருநாளுக்கு மக்சிக் வீட்டிலிருந்து லெமாங் வரும், சீனப் புத்தாண்டுக்கு ஆண்டி வீட்டிலிருந்து ஆரஞ்சுப் பழங்கள் வரும். அது தானாக நடந்ததுபோல் தெரிந்தாலும் அதற்கு அடியில் ஒரு விதி இருந்திருக்கிறது. அந்த விதி இல்லாவிட்டால் மக்கள் தத்தம் இனத்தவர் இருக்கும் பக்கம் மெல்ல நகர்ந்துவிடுவார்கள் என்பதை நான் நம்புகிறேன்.

ஆனால் நல்லிணக்கத்தின் பலன் எல்லாருக்கும் கிடைக்கிறது, செலவு மட்டும் சிலரிடம் வந்து சேர்கிறது. அந்தச் சிலர் பெரும்பாலும் சிறுபான்மை இனத்து வீட்டு உரிமையாளர்கள். இதை அரசாங்கமும் மறுக்கவில்லை. நாடாளுமன்றத்தில் இது விவாதிக்கப்பட்டிருக்கிறது. இந்த வரம்புகளால் வீட்டை விற்க உண்மையிலேயே சிரமப்படுவோரிடமிருந்து, கடைசி வழியாக, வீவகவே வீட்டை வாங்கிக்கொள்ளும் என்று 2022ல் அறிவிக்கப்பட்டது. நிபந்தனைகள் உண்டு. சந்தையில் விற்க நியாயமான முயற்சி எடுத்தும் முடியாமல் போயிருக்க வேண்டும். இது நல்ல தொடக்கம். என் பார்வையில் அது போதாது. விற்கவே முடியாதவருக்கு அது கைகொடுக்கிறது. விற்க முடிகிறது, ஆனால் பக்கத்து வீட்டைவிடக் குறைந்த விலைக்குத்தான் என்பவருக்கு அதில் இடம் இல்லை. எல்லாருக்கும் பயன்படும் ஒன்றுக்காகச் சிலர் இழப்பதை எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இருக்க வேண்டும். அது எந்த வடிவில் என்பதை நிபுணர்கள் பேசட்டும். பேச வேண்டும் என்று கேட்பது நம் வேலை. இன்னும் சில ஆண்டுகளில் பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பிக்கப்போவது நாம்தான். அதே வரம்புகள் அங்கும் உண்டு.

இங்கே நம் வயதினருக்கு நேரடியாக ஒன்று சொல்ல விரும்புகிறேன். பெற்றோர் வீட்டை விற்கும்போது ‘பரீட்சை நேரம், நீ நூலகத்துக்குப் போய்ப் படி’ என்று நம்மை வெளியே அனுப்பிவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். போய்ப் படியுங்கள். ஆனால் திரும்பி வந்து அந்தக் காகிதங்களையும் படியுங்கள். எல்லாம் ஆங்கிலத்தில், இணையவாசலில், ஒன்றன்பின் ஒன்றாக வரும். தமிழில் சிந்திக்கும் ஒரு தந்தைக்கு ‘சேர்ந்த வட்டி’ என்பதை விளக்க இருமொழிக் கல்வி பெற்ற பிள்ளையைவிடப் பொருத்தமானவர் யார்?

அந்தச் சேர்ந்த வட்டிதான் எங்கள் வீட்டில் பெரிய அதிர்ச்சி. வீட்டை விற்றால் மத்திய சேமநிதியிலிருந்து எடுத்த தொகையை மட்டுமல்ல, அது கணக்கிலேயே இருந்திருந்தால் கிடைத்திருக்கும் வட்டியையும் சேர்த்துத் திருப்பிச் செலுத்த வேண்டும். சாதாரணக் கணக்குக்கு ஆண்டுக்கு 2.5 விழுக்காடு. எவ்வளவாகிவிடும் என்று அப்பா கேட்டார். ஓர் எடுத்துக்காட்டுக்கு, 1998ல் 100,000 வெள்ளியை ஒரேயடியாக எடுத்திருந்தால் 27 ஆண்டுகள் கழித்து அது ஏறத்தாழ 195,000 வெள்ளி. கணிப்பானில் அந்த எண் வந்ததும் அப்பா இரண்டாவது முறை போடச் சொன்னார். அது அவருடைய சொந்தப் பணம்தான், அவருடைய கணக்குக்குத்தான் போகிறது. ஆனாலும் கையில் எவ்வளவு ரொக்கம் வரும் என்று அவர் நினைத்திருந்ததற்கும் உண்மைக்கும் நல்ல தூரம் இருந்தது. மூன்றறை வீட்டுத் திட்டம் அந்த ஒரு மாலையில் மறுபடியும் எழுதப்பட்டது.

மற்றவை அவ்வளவு கடினம் இல்லை. விற்கும் எண்ணத்தை வீவக இணையவாசலில் பதிந்து ஏழு நாள் ஆன பிறகுதான் விருப்ப உரிமைப் பத்திரம் கொடுக்க முடியும். அதற்கான கட்டணம் 1,000 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது. வாங்குபவர் முடிவெடுக்க 21 நாள் உண்டு, பொது விடுமுறை நாள்களும் அதில் சேர்த்தி. கிறிஸ்மஸுக்கு முதல்நாள் கையெழுத்திட்டால் அந்த நாள்கள் எப்படிக் கரையும் என்று நாள்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் புளோக்கில் அண்மையில் என்ன விலைக்கு வீடுகள் கைமாறின என்பதும் வீவக இணையத்தளத்தில் எல்லாரும் பார்க்கக்கூடிய தகவல். உறவினர்கள் சொல்லும் விலையைவிட அது நம்பகமானது.

எங்கள் வீடு பழையது, குத்தகையில் இன்னும் 60 ஆண்டு இருக்கிறது. வாங்குபவர் தம் மத்திய சேமநிதியை முழு அளவில் பயன்படுத்த வேண்டுமானால் குத்தகை அவருக்கு 95 வயது ஆகும்வரை வர வேண்டும். அதாவது, 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எங்கள் வீடு அவ்வளவு தோதுப்படாது. இன வரம்பு ஒரு பக்கம், குத்தகை மறுபக்கம். இரண்டையும் தாண்டி வருபவர்கள் எத்தனை பேர் என்று நானும் அப்பாவும் விரல்விட்டு எண்ணத் தொடங்கினோம்.

பள்ளி விடுமுறையில் இதுவரை நான்கு குடும்பங்கள் வந்தன. சென்னையிலிருந்து வந்து நிரந்தரவாசிகளான ஒரு தம்பதி வாசல் எந்தத் திசை என்று கைப்பேசியில் பார்த்தார்கள். தென்மேற்கு என்றதும் முகம் மாறியது. மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்கு இன வரம்போடு தனி வரம்பு ஒன்றும் உண்டு, புளோக்கில் 8 விழுக்காடு. அதை இன்னும் பார்க்கவில்லை என்றார்கள். ‘நம்ம ஆளுங்க’ சாமி மாடத்தைப் பார்த்து மயங்குவார்கள் என்ற கணிப்பு அங்கேயே உடைந்தது. அவர்கள் கவனித்ததெல்லாம் வாசலையும் அடுப்பையும்தான்.

அடுத்து உட்லண்ட்ஸிலிருந்து ஒரு மலாய்க் குடும்பம், மூன்று பிள்ளைகளோடு. அன்று தட்டி இல்லை. சாமி மாடம் அதன் இடத்தில் இருந்தது, விளக்கு எரிந்தது, ஊதுவத்தியும் புகைந்தது. அம்மா எதையும் மாற்றவில்லை. வந்த பெண்மணி அதைப் பார்த்துவிட்டு, தங்கள் வீட்டையும் விற்பதாகவும், சுவரில் இருந்த திருக்குர்ஆன் வசனச் சட்டத்தைக் கழற்றி வைக்கும்படி அவர்களுடைய முகவர் சொன்னதாகவும் அம்மாவிடம் மலாயில் சொன்னார். அம்மாவின் மலாய் பாட்டியிடமிருந்து வந்தது, எனக்குப் பாதிதான் புரியும். இருவரும் சிரித்தார்கள். கழற்றினீர்களா என்று அம்மா கேட்டார். கழற்றியதாகவும், அந்த இடத்தில் சுவர் நிறம் வேறாகத் தெரிந்ததால் மறுபடி மாட்டிவிட்டதாகவும் அவர் சொன்னார். அதற்குள் அவர் கணவர் குளியலறைக்குப் போய், அப்பா காட்டிய கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். காய்ந்துவிட்டதா என்று கை வைத்துப் பார்க்க ஒரு நாற்காலி கேட்டார்.

அவர்கள் டிசம்பர் 27ஆம் தேதி மறுபடியும் வருகிறார்கள். இம்முறை கணவரின் தாயாரையும் அழைத்து வருவார்களாம். மின்தூக்கியிலிருந்து எங்கள் வாசல்வரை சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வர முடிகிறதா என்று பார்க்க வேண்டுமாம். நடைபாதையில் மிச்சமிருந்த இரண்டு பூந்தொட்டிகளையும் அப்பா இன்று காலை உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.